பழைய மென்பொருளுக்குப் புதிய மடிக்கணினியின் விசைகளை மாற்றி அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய மென்பொருளை இன்னும் கைவிடாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோட்ட ஆபீஸில் செக்ரோல் (ஆட்களின் வேலை நாள், கூலிப் பதிவு) போட்டுப் பழகிய கிராணிமார், கோயில் வரவு செலவை டிபேஸில் வைத்திருக்கும் பொருளாளர்கள், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர்கள், பழைய கேள்வித்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்று பல வகை. மேசைக் கணினி இடி மின்னலில் போயிருக்கும், அல்லது மகன் ஈப்போவிலிருந்து புது லேப்டாப் வாங்கி வந்து கொடுத்திருப்பான். மென்பொருளை யாராவது ஏற்றியும் கொடுத்துவிடுகிறார்கள். விசைப்பலகையில்தான் எல்லாம் சிக்குகிறது. பத்திரமாகச் சேமிக்க அழுத்தும் விசை வெளிச்சத்தைக் குறைக்கிறது, பக்கத்தைத் திருப்பும் விசையைக் காணவே காணோம்.

"அதை விட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்பது சொல்வதற்குச் சுலபம். பல வருஷக் கணக்கு அதற்குள் இருக்கிறவருக்கு அது பதிலாகாது. அவர்கள் கேட்கும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றிலும் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: மாற்றத்தை அந்தப் பழைய நிரலுக்குள் மட்டும் செய்யுங்கள். அதே மடிக்கணினியில் பேத்தி பள்ளிப் பாடம் தட்டச்சு செய்வாள், மருமகள் வங்கிக் கணக்கைப் பார்ப்பாள். ஒரு நிரலுக்காக வீட்டில் எல்லோர் கையையும் குழப்பக் கூடாது.

தம்பி, எஃப்10 அழுத்தினா சேவ் ஆகணும். இதுல சத்தம் கூடுது. கீபோர்டு கெட்டுப் போச்சா?

கெடவில்லை ஐயா. இப்போது வரும் மடிக்கணினிகளில் மேல்வரிசை விசைகளுக்கு இரண்டு வேலை. சத்தம், வெளிச்சம், வைஃபை முதல் வேலையாகவும், எஃப்1 முதல் எஃப்12 வரை இரண்டாவது வேலையாகவும் வைத்து விற்கிறார்கள். எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்தினால்தான் உண்மையான எஃப்10 கிடைக்கும்.

இதை நிரந்தரமாகத் திருப்பலாம். டெல், லெனோவோ மாடல்கள் பலவற்றில் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினால் போதும். எஸ்கேப் விசையில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அதுதான் அடையாளம். எச்பியில் பெரும்பாலும் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள், போக வேண்டும்: கணினி தொடங்கும்போதே எஃப்10 தட்டி, அங்கே 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' என்பதை நிறுத்திச் சேமித்துவிட்டு வெளியே வரவும். 'விசை வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இதோடு தீர்ந்துவிடும். ஆகவே வேறு எந்த மென்பொருளையும் இறக்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

அந்தக் காலத்து நிரல்கள் ஏன் இப்படி விநோதமான விசைகளைக் கேட்கின்றன?

அவை எழுதப்பட்ட காலத்துப் பலகைக்கு அவை மிகப் பொருத்தமானவை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் பலகையில் 83 விசைகள். எஃப்1 முதல் எஃப்10 வரை இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக நின்றன. இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில், அதாவது 'ஏ' விசைக்குப் பக்கத்தில், கன்ட்ரோல் இருந்தது. இடது சுண்டுவிரலைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். அதற்கும் முன்பே வந்த வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியும் இந்த வசதியை வைத்தே கட்டப்பட்டது: கன்ட்ரோலோடு 'ஈ' மேலே, 'எக்ஸ்' கீழே, 'எஸ்' இடம், 'டி' வலம். நான்கும் பலகையில் ஒரு வைரவடிவமாக அமையும்.

1986இல் 101 விசைப் பலகை வந்தபோது எஃப் விசைகள் மேலே போயின, கன்ட்ரோல் கீழ் மூலைக்கு இறங்கியது, எஃப்11உம் எஃப்12உம் புதிதாகச் சேர்ந்தன. அவை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை என்பதற்கு அடையாளம் இன்றும் உங்கள் மடிக்கணினிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு விசையும் அழுத்தப்படும்போது ஓர் எண்ணை அனுப்பும். பதினாறடிமான முறையில் எஃப்10இன் எண் 44. எஃப்11இன் எண் 45 ஆக இருக்க வேண்டும் அல்லவா? 45 'நம் லாக்' (Num Lock) விசைக்கும் 46 ஸ்க்ரோல் லாக்குக்கும் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டதால் எஃப்11க்கு 57உம் எஃப்12க்கு 58உம் கிடைத்தன. இந்த எண்ணைத்தான் 'ஸ்கேன் கோட்' என்கிறார்கள். விசையை மாற்றுவது என்றால், ஓர் எண் வரும்போது அதற்குப் பதில் வேறோர் எண்ணைக் கொடு என்று கணினிக்குச் சொல்லி வைப்பதுதான்.

எண்ட், இன்சர்ட் விசைகளே என் லேப்டாப்பில் இல்லை. டிபேஸில் பதிவைச் சேமிக்க முடியவில்லை. எதை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம். டிபேஸின் மூன்றாம் பதிப்பிலும், அந்த வழியில் வந்த கிளிப்பர் நிரல்களிலும் வேர்ட்ஸ்டார் பழக்கம் அப்படியே இருக்கிறது. கன்ட்ரோல்-எண்ட் செய்வதைக் கன்ட்ரோல்-'டபிள்யூ' செய்யும். பேஜ் அப்புக்குக் கன்ட்ரோல்-'ஆர்', பேஜ் டவுனுக்குக் கன்ட்ரோல்-'சி'. இன்சர்ட்டுக்குக் கன்ட்ரோல்-'வி', டெலிட்டுக்குக் கன்ட்ரோல்-'ஜி'. இந்த வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

புது விண்டோஸ் பழக்கத்தில் கன்ட்ரோல்-'சி' நகல், கன்ட்ரோல்-'வி' ஒட்டு என்று நினைத்துக்கொண்டு அழுத்துகிறவர்கள் பதிவு தாவிப் போனதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். நிரல் கெட்டுப்போகவில்லை. அது தன் பழைய வேலையைத்தான் செய்கிறது.

கணக்குத்தாள் நிரலான லோட்டஸ் 1-2-3க்கும் இப்படி ஒரு மாற்றுவழி உண்டு. மெனு திறக்கச் சாய்கோட்டு விசைதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 'சிறியது' என்பதற்கான குறியை (<) அழுத்தினாலும் அதே மெனு திறக்கும். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே தமிழ்த் தட்டச்சு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

விண்டோஸ் 11இல் டாஸ் நிரல் திறக்கவே மாட்டேன் என்கிறதே?

விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். டாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பிருந்த இயங்குதளம். அதற்கு எழுதிய 16 பிட் நிரலை 64 பிட் விண்டோஸ் நேரடியாக ஓட்டாது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்று வேண்டும். அது கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை உருவாக்கிக் கொடுக்கும். விசை மாற்றத்துக்கும் அதுவே மிகச் சிறந்த இடம், ஏனென்றால் அங்கே செய்கிற மாற்றம் அந்த ஜன்னலை விட்டு வெளியே வராது.

டாஸ்பாக்ஸுக்குள் விசையை எப்படி மாற்றுவது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டாஸ்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல்-எஃப்1 அழுத்துங்கள். எஃப்என் பூட்டைச் சரிசெய்யாதவர்கள் எஃப்என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு முழு விசைப்பலகையின் படம் திரையில் வரும். பழைய நிரலுக்கு எந்த விசை போய்ச் சேர வேண்டுமோ அதைப் படத்தில் சுட்டியால் தொடுங்கள். 'ஆட்' என்பதைத் தொட்டு, உங்கள் கையில் இருக்கும் பலகையில் எந்த விசையால் அது நடக்க வேண்டுமோ அதை அழுத்துங்கள். 'சேவ்', பிறகு 'எக்ஸிட்'.

எடுத்துக்காட்டாக வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 என்ற சொற்செயலியில் ஆவணத்தின் தொடக்கத்துக்குப் போக ஹோம் விசையை இரண்டு தடவை தட்டி, மேல் அம்பை அழுத்த வேண்டும். எஃப்என்னோடு இடது அம்பை அழுத்தினால்தான் ஹோம் வரும் என்றிருக்கும் மடிக்கணினியில் இது விரலுக்குத் தண்டனை. படத்தில் ஹோமைத் தொட்டு, வலது ஆல்ட்டை அதற்குக் கொடுத்துவிடுங்கள். பிறகு படத்தில் வலது ஆல்ட்டைத் தொட்டு, அதன் பழைய இணைப்பை 'டெல்' கொடுத்து எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போது ஒரே அழுத்தத்தில் ஹோமும் ஆல்ட்டும் சேர்ந்து போய் நிரலைக் குழப்பும்.

அடுத்தது ஆபத்தான விஷயம். டாஸ்பாக்ஸ் சில கன்ட்ரோல்-எஃப் கூட்டுகளைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது. வழக்கமான 0.74 பதிப்பில் கன்ட்ரோல்-எஃப்9 அழுத்தினால் டாஸ்பாக்ஸ் அந்த நொடியே மூடிக்கொள்ளும். சேமிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்காது. வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1இல் அதே கன்ட்ரோல்-எஃப்9தான் பெயர்ப்பட்டியலைக் கடிதத்தோடு இணைக்கும் மெர்ஜ் கட்டளை. டர்போ சி பயிலும் பிள்ளைகளுக்கோ அது நிரலை ஓட்டும் விசை. திருவிழா நன்கொடையாளர்களுக்குக் கடிதம் தயாரித்து, கடைசியில் மெர்ஜ் அழுத்தும் நேரத்தில் மொத்தமும் மறைந்துபோனால் எப்படி இருக்கும்? முதல் நாளே படத்தின் அடிப்பகுதியில் 'ஷட்டவுன்' என்ற பொத்தானைத் தேடித் தொட்டு, 'டெல்' கொடுத்து அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். எழுத்துரு மெனுவான கன்ட்ரோல்-எஃப்8, அடிக்குறிப்புக்கான கன்ட்ரோல்-எஃப்7 இரண்டையும் டாஸ்பாக்ஸ், திரையில் காட்டாமல் தாண்டும் படச் சட்டங்களைக் கூட்டவும் குறைக்கவும் வைத்திருக்கிறது. கன்ட்ரோல்-எஃப்10 சுட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கணக்கு எழுதுகிறவருக்கு இவை ஒன்றும் தேவையில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றினால் நல்லது என்கிறார்களே?

வேர்ட்ஸ்டார், டிபேஸ் கைகளுக்கு உண்மையிலேயே நல்லது. கன்ட்ரோல் பழையபடி 'ஏ'வுக்குப் பக்கத்தில் வந்துவிடும். டாஸ்பாக்ஸுக்குள் மட்டும் போதுமென்றால் மேலே சொன்ன படத்திலேயே செய்யலாம்.

கணினி முழுக்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஷார்ப்கீஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. இடப்பக்கப் பட்டியலில் கேப்ஸ் லாக், வலப்பக்கப் பட்டியலில் இடது கன்ட்ரோல், பிறகு 'ரைட் டு ரெஜிஸ்ட்ரி' கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இந்தக் கருவி தானாக எதையும் செய்வதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் ஒரு வசதியில் நமக்காக எழுதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். எழுதிய பிறகு ஷார்ப்கீஸை நீக்கிவிட்டாலும் மாற்றம் இருக்கும். மாற்றத்தை எடுக்க மறுபடி ஷார்ப்கீஸ் வழியாக அழித்து எழுதித் தொடங்க வேண்டும்.

இந்த மாற்றம் அந்தக் கணினியில் எல்லாப் பயனருக்கும், வெளியிலிருந்து செருகும் எல்லாப் பலகைக்கும் பொருந்தும். 'எனக்கு மட்டும்' என்று இதில் கிடையாது. ஒரே ஆள் பயன்படுத்தும் கணினியாக இருந்தால் செய்யுங்கள். குடும்பத்துக்குப் பொதுவான கணினி என்றால் வேண்டாம் என்பதே என் பதில்.

பவர்டாய்ஸ், ஆட்டோஹாட்கீ என்றும் சொல்கிறார்களே. எது மேல்?

பவர்டாய்ஸ் மைக்ரோசாஃப்டே இலவசமாகக் கொடுப்பது. அதன் கீபோர்டு மேனேஜர் பகுதியில் மாற்றம் உடனே நடக்கும், மறுதொடக்கம் வேண்டாம். ஆனால் பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது நடக்கும்.

ஆட்டோஹாட்கீ கொஞ்சம் எழுதிப் பழக வேண்டியது. அதன் பெரிய பலம், இன்ன ஜன்னல் முன்னால் இருக்கும்போது மட்டும் இந்த விசையை மாற்று என்று சொல்ல முடிவது. டாஸ் நிரலுக்கு டாஸ்பாக்ஸின் படமே போதும். பேஜ்மேக்கர் போன்ற பழைய விண்டோஸ் நிரலுக்குத்தான் ஆட்டோஹாட்கீ கைகொடுக்கும்: பேஜ்மேக்கர் திறந்திருக்கும்போது ஒரு பலகை, மற்ற நேரத்தில் வழக்கமான பலகை. அச்சகக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் செக்ரோல் போட்ட ஆள். நம்பர் பேட் இல்லாம கை ஓடல தம்பி. எழுத்து விசையை நம்பர் பேடா மாத்திக் கொடு.

ஐயா, இதில் மட்டும் நான் மறுப்புச் சொல்வேன். செக்ரோல் பதிவதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். இடது கை, ஆட்களின் பெயர்ப் பட்டியலில் வரி வரியாக இறங்குகிறது. கண் தாளை விட்டு எடுப்பதே இல்லை. வலது கையின் மூன்று விரல் எண்களில் ஓட, கட்டைவிரல் பூஜ்யத்திலும் சுண்டுவிரல் ஓர எண்டரிலும் விழுகின்றன. நடுவிரல் எப்போதும் ஐந்தில் திரும்பி வந்து நிற்கிறது, அங்கே இருக்கும் சின்னப் புடைப்பைத் தொட்டு இடம் தெரிந்துகொள்கிறது. ஆள் எண், வேலை நாள், எடை என்று பார்க்காமலே விழுந்துகொண்டிருக்கும். அந்த வேகம் வருஷக்கணக்கில் சேர்ந்தது. எழுத்து விசைகள் சாய்வாக அடுக்கப்பட்டவை, எண்பலகை நேர் அடுக்கு. எவ்வளவு மாற்றி எழுதினாலும் விரல் இடம் தவறும், கூலிக் கணக்கில் ஓர் எண் தவறினால் அது ஒருவருடைய சம்பளம்.

யூஎஸ்பி எண்பலகை தனியாக விற்கிறது. அதை வாங்குங்கள். நிரலுக்கும் அதுதான் சரி, ஏனென்றால் ஓர எண்டரும் கூட்டல், கழித்தல் குறிகளும் வழக்கமான விசைகளிலிருந்து வேறான எண்களை அனுப்புகின்றன. வேர்ட்பெர்ஃபெக்டில் நம் லாக் அணைந்திருக்கும்போது எண்பலகையின் கழித்தல் ஒரு திரை மேலேயும், கூட்டல் ஒரு திரை கீழேயும் கொண்டுபோகும். மேல்வரிசையின் கூட்டல் குறி அதைச் செய்யாது.

பழைய மடிக்கணினி சிலவற்றில் எழுத்து விசைகளுக்குள்ளேயே எண்பலகை ஒளிந்திருக்கும். 'ஜே', 'கே', 'எல்' விசைகளில் 1, 2, 3 என்று சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்த வகைக் கணினியில் வெளிப்பலகையின் நம் லாக்கை அழுத்தினால் எழுத்தெல்லாம் எண்ணாக விழக்கூடும். பயப்பட வேண்டாம், எஃப்என்னோடு நம் லாக்கைத் தட்டினால் உள்பலகை அடங்கிவிடும்.

சாய்கோட்டு விசையை வேறு வேலைக்கு மாற்றினேன். இப்போது தமிழில் ழ வரவில்லை.

வராது. தமிழ் 99 அமைப்பில் ழ இருப்பது அந்த விசையில்தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த அந்த அமைப்பு, உயிரெழுத்துகளை இடது கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலது கைக்கும் கொடுத்தது. நம் எழுத்துகளுக்கு இருபத்தாறு விசை போதாததால் ஓரத்துக் குறி விசைகளையும் எடுத்துக்கொண்டது. அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ, சாய்கோட்டில் ழ.

ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவர் எழுதிய யோசனைகளில், 'யாரும் தொடாத அடைப்புக்குறி விசையை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று இருக்கும். நமக்கு அது பொருந்தவே பொருந்தாது. ச இல்லாமல் ஒரு பத்தி தமிழ் எழுத முடியுமா? இந்த ஐந்து விசைகளையும் கணினி முழுக்கச் செல்லும் மாற்றத்தில் சேர்க்கவே கூடாது. லோட்டஸுக்கு '<' குறி இருக்கிறது என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மாற்றிக்கொள்ளப் பாதுகாப்பானவை கேப்ஸ் லாக், வலது ஆல்ட், மெனு விசை, வலது கன்ட்ரோல் ஆகியவை. தமிழ் 99இல் எழுதும்போது இவற்றில் எழுத்து எதுவும் இல்லை.

பேஜ்மேக்கரில் தமிழ் தட்டினால் கேள்விக்குறியாக வருகிறது. இதையும் விசை மாற்றிச் சரிசெய்யலாமா?

இது விசைச் சிக்கலே இல்லை. விசை சரியாகத்தான் போகிறது, அதற்குப் பிறகு பிறக்கும் எழுத்துதான் பேஜ்மேக்கருக்குப் புரியவில்லை. 2001இல் வந்த 7.0தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. அது 256 இடங்கள் கொண்ட பழைய எழுத்துருக்களை மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறது. டிஸ்கி, டேப், டேம் எழுத்துருக்கள் அந்த 256க்குள் தமிழை அடக்கியவை. இன்று விண்டோஸோடு வரும் தமிழ் 99, தமிழ் அஞ்சல் பலகைகள் யூனிகோடு எழுத்தைத் தருகின்றன. யூனிகோடில் தமிழின் இடம் அந்த 256க்கு வெகு வெளியே இருக்கிறது.

ஆகவே விண்டோஸின் பலகையை விட்டுவிட்டு, எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க விடும் ஒரு தமிழ்ச் செயலி வேண்டும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் பழைய பதிப்பை வைத்திருக்கிறவர்கள் அதிலேயே டிஸ்கியைத் தேர்ந்தெடுக்கலாம். என்எச்எம் ரைட்டரிலும் பழைய குறியீடுகள் உண்டு. இரண்டு தேர்வுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: விரல் எங்கே போக வேண்டும் என்பது ஒரு தேர்வு, தமிழ் 99, அஞ்சல், பழைய தட்டச்சு என்று. எழுத்து எந்தக் குறியீட்டில் விழ வேண்டும் என்பது வேறு தேர்வு. பின்னது பத்திரிகையில் போட்டிருக்கும் எழுத்துருவோடு பொருந்த வேண்டும். முன்னது உங்கள் கைக்குப் பிடித்தது எதுவாகவும் இருக்கலாம்.

எஃப்என்னும் கன்ட்ரோலும் இடம் மாறி இருக்கிறது. மாற்ற முடியுமா?

பெரும்பாலான மடிக்கணினிகளில் எஃப்என் விண்டோஸுக்கு எந்த எண்ணையும் அனுப்புவதில்லை. அதனால் ஷார்ப்கீஸுக்கு அது தெரியவே தெரியாது. லெனோவோவின் திங்க்பேட் போன்ற சிலவற்றில் பயாஸிலேயே இரண்டையும் இடம் மாற்றும் வசதி இருக்கிறது. இது பாதுகாப்பானது, தயங்காமல் செய்யலாம்.

2024 முதல் வரும் சில மடிக்கணினிகளில் வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது. அது ஒற்றை விசை போலத் தெரிந்தாலும் ஷிப்ட், விண்டோஸ், எஃப்23 ஆகிய மூன்றையும் ஒன்றாக அனுப்புகிறது. ஒன்றை மாற்றினாலும் மற்ற இரண்டும் கூடவே வரும் என்பதால் ஷார்ப்கீஸால் அதைச் சுத்தமான கன்ட்ரோலாக்க முடியாது. வலது கன்ட்ரோல் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் வாங்கும் முன்பே கடையில் பலகையைப் பார்த்துவிடுங்கள்.

எக்செலில் அம்பு அழுத்தினால் தாளே நகர்கிறது, கட்டம் நகரவில்லை.

ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரைப்பலகை வரும். அதில் ஸ்க்ரோல் லாக்கைத் தொட்டு அணைக்கவும்.

பாஸ், பிரேக் விசையை ஷார்ப்கீஸில் மாற்ற முடியவில்லையே?

அந்த ஒரு விசை மட்டும் மற்ற விசைகளைப் போல ஒற்றை எண்ணாக வருவதில்லை, நீளமான ஒரு தொடரை அனுப்புகிறது. ஷார்ப்கீஸ் அதைக் கையாளாது. டாஸ்பாக்ஸின் படத்தில் செய்யலாம். திங்க்பேடில் எஃப்என்-'பி' (B) பிரேக், எஃப்என்-'கே' ஸ்க்ரோல் லாக்.

ஒரு விசை தானாகவே அழுந்திக்கொண்டே இருக்கிறது.

ஈரக்காற்றும் எறும்பும் இங்கே மடிக்கணினிக்கு நிரந்தர எதிரிகள். பலகையை மாற்றும் வரை ஷார்ப்கீஸில் அந்த விசைக்கு 'டர்ன் கீ ஆஃப்' கொடுத்து அடக்கி வைக்கலாம். வெளிப்பலகையிலும் அதே விசை அடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய ஜப்பான் லேப்டாப் மலிவாகக் கிடைத்தது. குறியெல்லாம் மாறி மாறி வருகிறது.

மலேசியாவில் விற்கும் பலகை அமெரிக்க அமைப்பு. ஜப்பான் பலகையில் அச்சிட்டிருக்கும் குறிகள் வேறு. விண்டோஸில் அமெரிக்க அமைப்பு தேர்ந்தெடுத்திருந்தால் அமெரிக்கக் குறிதான் விழும், மேலே என்ன அச்சிட்டிருந்தாலும். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பிலும் பலகை அமெரிக்கன் என்று குறிப்பிட்டு வைப்பது நல்லது, இல்லையென்றால் டாஸில் அடிக்கடி தேவைப்படும் பின்சாய்கோட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அந்தப் பலகையில் ஓர் அனுகூலமும் உண்டு. ஸ்பேஸ் பாருக்கு இரு பக்கமும் ஜப்பானிய எழுத்து மாற்றத்துக்கென்று கூடுதல் விசைகள் இருக்கும். நமக்கு அவற்றால் வேலை இல்லை, ஆனால் அவற்றுக்குத் தனி எண் இருக்கிறது. ஷார்ப்கீஸில் ஒன்றை இன்சர்ட்டாகவும் ஒன்றை எண்ட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

விசை மாற்றிய பிறகு கடவுச்சொல் ஏற்கவில்லை.

ஷார்ப்கீஸ் மாற்றம் கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே நடப்பில் இருக்கும். பவர்டாய்ஸ் மாற்றம் உள்ளே நுழைந்த பிறகுதான் தொடங்கும். கடவுச்சொல்லில் உள்ள ஏதோ ஒரு குறியின் விசையை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். திரையின் ஓரத்தில் உள்ள அணுகல் படத்தைத் தொட்டுத் திரைப்பலகையை வரவழைத்துச் சுட்டியால் அடித்து உள்ளே போங்கள். போனதும் மாற்றத்தை எடுத்துவிடுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் எதையும் ஏற்ற அனுமதி இல்லை.

ஷார்ப்கீஸுக்கு நிர்வாகி அனுமதி தேவை, ஆகவே அதை விட்டுவிடுங்கள். டாஸ்பாக்ஸைப் பென்டிரைவில் வைத்து அங்கிருந்தே ஓட்ட முடியும். அடுத்த கேள்வியில் சொல்லும் மேப்பர் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் பென்டிரைவிலேயே வைத்தால் விசை மாற்றமும் அதோடு கூடவே போகும். ஆனாலும் ஆபீஸ் பொருள் ஆபீஸுடையது. பென்டிரைவ் செருகுவதற்கு முன் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கணினி மாற்றும்போது இதையெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

வேண்டாம். டாஸ்பாக்ஸ் மாற்றங்கள் எல்லாம் ஒரு சின்ன மேப்பர் கோப்பில் இருக்கின்றன. விண்டோஸில் அது வழக்கமாகப் பயனருடைய மறைந்திருக்கும் ஆப்டேட்டா உறைக்குள், 'லோக்கல்' என்பதில் டாஸ்பாக்ஸ் என்ற பெயரில் கிடக்கும். அதையும் பக்கத்தில் இருக்கும் அமைப்புக் கோப்பையும் நகலெடுத்து, கணக்குத் தரவு இருக்கும் அதே பென்டிரைவில் போட்டு வையுங்கள். அமைப்புக் கோப்பில் 'மேப்பர்ஃபைல்' என்ற வரியில் கோப்பின் பெயரைக் குறிப்பிடலாம். வேர்ட்பெர்ஃபெக்டுக்கு ஒன்று, டிபேஸுக்கு ஒன்று என்று தனித்தனி அமைப்புக் கோப்பும் மேப்பர் கோப்பும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவழிப் படத்தை மேசைத்திரையில் வைத்துக்கொள்ளலாம். ஷார்ப்கீஸிலும் மாற்றப் பட்டியலைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி உண்டு.

கோயில் பொருளாளர் பதவி கைமாறும்போது இந்தக் கோப்புகளையும் தரவோடு சேர்த்து ஒப்படையுங்கள். எந்த விசை எதற்கு மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மடிக்கணினிப் பையிலேயே வைத்துவிடுங்கள், புதிதாக வருகிறவர் முதல் நாளே கணக்கை எழுதத் தொடங்கலாம்.